கல்லு வெட்டப் போன இடத்தில் அடிபாடு

ஒன்லைன் வீடியோ விளையாட்டுகளில் ஆளுக்கு ஆள் அடிபடுவதற்கு விளையாட்டுக்காரர் வைத்திருக்கும் பெயர் பி.வி.பி. சிலருக்கு அதுதான் விளையாட்டின் உயிர். வேறு சிலருக்கு, வீடு கட்டவும் மீன் பிடிக்கவும் சாமான் விற்கவும் வந்த இடத்தில் தலையில் விழும் கரைச்சல். இந்தப் பதிவு அந்த இரண்டாவது ஆட்களுக்கு. "அடிபடத் தெரியாட்டி ஏன் வாறாய்?" என்று சாட்டில் எழுதுவார்கள். அதைக் காதில் போடவேண்டாம். கல்லு வெட்டுவதும் சந்தை நடத்துவதும் விளையாட்டைச் செய்தவர்களே உள்ளே வைத்திருக்கும் வேலைகள். அவற்றுக்காக வருகிறவரும் முழு விளையாட்டுக்காரர்தான்.

ஒன்றை முதலே விளங்கிக்கொண்டால் மிச்சம் லேசு. நீங்கள் கேளாத சண்டையில் யார் வெல்வது என்பது முதல் அடி விழும்போது தீர்வதில்லை, நீங்கள் வெளிக்கிடும்போதே தீர்ந்துவிடுகிறது. பதுங்கி நிற்கிறவன் உங்கள் உடுப்பைப் பார்த்து, ஆயுதத்தைப் பார்த்து, தன்னோடு எத்தனை பேர் என்று எண்ணி, வெல்லலாம் என்று தெரிந்த பிறகுதான் வெளியில் வருகிறான். அந்த நேரத்தில் கைவேகம் காட்டி அவனை மடக்கப் பார்ப்பது அநேகமாக வீண். உங்கள் கைக்குள் இருப்பவை வேறு: என்ன சாமானோடு போகிறீர்கள், எந்த வழியால் போகிறீர்கள், எந்த நேரம் போகிறீர்கள்.

அதற்கும் முன்னால், அடிபாட்டை நிற்பாட்டும் சுவிட்ச் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தும் பாவிக்காத ஆட்கள் நிறைய. ஜி.ரி.ஏ ஒன்லைனில், தெரியாத ஆட்களும் ஏறும் பொது செஷனுக்குள் நின்று அடி வாங்கிக்கொண்டே சரக்கு ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு அதற்குத் தேவையில்லை, நீங்கள் கூப்பிட்ட ஆட்கள் மட்டும் வரக்கூடிய இன்வைட் ஒன்லி செஷனிலேயே விற்கலாம். போஸ் மெனு, ஒன்லைன், ஃபைன்ட் நியூ செஷன், இன்வைட் ஒன்லி. பொது செஷனில் ஆட்கள் கூடினால் கிடைக்கும் மேலதிகக் காசு இங்கே வராது. முழுச் சரக்கும் வெடித்துப்போவதோடு ஒப்பிட்டால் அது பெரிய நட்டமில்லை. வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டின் இன்றைய பதிப்பில் 2018 முதல் வோர் மோட் என்ற அடிபாட்டு சுவிட்ச் இருக்கிறது. ஸ்ரோர்ம்விண்ட், ஓர்கிரிமார் போன்ற தலைநகர் ஒன்றுக்குப் போய் நீங்களாகப் போட்டால்தான் அது வேலை செய்யும், நிற்பாட்டுவதற்கு எந்தச் சத்திரமும் போதும். எல்டன் ரிங்கில் தனியாக விளையாடும்வரை, நீங்களாக வரவழைத்தால் அன்றி யாரும் உள்ளே படையெடுத்து வர ஏலாது. கூட்டாளியை உதவிக்குக் கூப்பிட்ட கணத்தில்தான் அந்தக் கதவு திறக்கிறது. சீ ஒஃப் தீவ்ஸ் 2023 டிசம்பரில் சேஃபர் சீஸ் என்று தனிக் கடல் ஒன்றையே திறந்தது. கூலி குறையும், ஆனால் வேறு ஆட்களின் கப்பல் வராது.

மைன்கிராஃப்டைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் இங்கே பெடியள் தாங்களே சேர்வர், அதாவது எல்லாரும் ஏறி விளையாடும் உலகம், போடுகிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து அட்டெர்னொஸ் என்ற தளத்தில் இலவசமாக ஒன்று திறப்பது, வகுப்பு முழுக்க அதில் ஏறுவது, இரண்டாம் கிழமை ஒருத்தனின் வீட்டை மற்றவன் எரிப்பது, மூன்றாம் கிழமை சேர்வர் வெறிச்சோடுவது. இதைத் தடுக்கலாம். அட்டெர்னொஸில் ஒப்ஷன்ஸ் பக்கத்தில் பி.வி.பி என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. சொந்தக் கொம்பியூட்டரில் ஓடும் ஜாவா பதிப்புச் சேர்வர் என்றால் சேர்வர் புரொப்பர்ட்டீஸ் கோப்பில் பி.வி.பி வரியை ட்ரூவிலிருந்து ஃபால்ஸ் ஆக்கி, சேர்வரை நிற்பாட்டித் திரும்பப் போடவேண்டும். புதிய பதிப்புகளில் அந்த வரி கோப்பில் இல்லை, விளையாட்டுக்குள்ளேயே மாற்றும் விதியான கேம்ரூலுக்கு மாறிவிட்டது. கோப்பில் தேடிக் களைக்காமல் கேம்ரூல் கட்டளையால் மாற்றுங்கள். போனில் விளையாடும் பெட்ரொக் பதிப்பில் உலக செற்றிங்ஸில் ஃபிரண்ட்லி ஃபயர் என்பதை நிற்பாட்டினால் சரி.

பலர் ஏமாறும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஜாவாவில் பி.வி.பியை நிற்பாட்டினால் வாளும் அம்பும் படாது. ஆனால் எரிகுழம்பு வாளியை உங்கள் தலைக்கு மேலே கவிழ்த்தால் படும். ரி.என்.ரி வெடி படும், நெருப்புப் படும். உங்கள் பெட்டியைத் திறந்து அள்ளிக்கொண்டு போவதையும் அந்த சுவிட்ச் தடுக்காது. எனவே இன்னும் மூன்று வேலை இருக்கிறது. முதலாவது வைட்லிஸ்ட், தெரிந்த பெயர்கள் மட்டும் ஏறவேண்டும். இரண்டாவது கீப் இன்வென்ரரி என்ற கேம்ரூல். அதைப் போட்டால் செத்தாலும் சாமானும் அனுபவப் புள்ளியும் உங்களோடேயே இருக்கும், கொல்வதில் லாபம் இல்லாமல் போகும். மூன்றாவது பிளகின், அதாவது சேர்வரோடு சேர்த்துப் போடும் துணை மென்பொருள். பிளகின் ஏற்கும் பேப்பர் என்ற சேர்வர் வகையில் கிரீஃப் பிரிவென்ஷன் போட்டால், புது ஆள் ஒருவர் வைக்கும் முதல் பெட்டியைச் சுற்றி அதுவே ஒரு சின்னக் காணியை அவர் பெயரில் பதிந்துவிடும். பிறகு தங்க மண்வெட்டியால் காணியின் ஒரு மூலையைத் தொட்டு, அந்த மூலை வரவேண்டிய புது இடத்தையும் தொட்டுக் காணியைப் பெரிதாக்கலாம். கோர் புரொடெக்ட் என்பதையும் கூடவே போடுங்கள். யார் எந்தக் கல்லை உடைத்தது, யார் பெட்டியிலிருந்து என்ன எடுத்தது என்று அது எழுதி வைத்திருக்கும், உடைத்ததைப் பின்னோக்கித் திருப்பவும் செய்யும். "நான் எடுக்கேல்லை" என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்த பெடியள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பெயரையும் நேரத்தையும் பார்த்தால் கதை அதோடு முடியும். ஆட்கள் முதலில் வந்திறங்கும் இடத்தை உடைக்கவிடாமல் காக்கும் ஸ்போன் புரொடெக்ஷனை 16 என்று வைத்தும் வேலை செய்யவில்லை என்பவர்கள் ஒப், அதாவது நிர்வாகிகள், பட்டியலைப் பாருங்கள். ஒருவராவது ஒப் ஆக இல்லாவிட்டால் அந்தக் காப்பு இயங்காது.

ஊரான் சேர்வரில் இவை எதுவும் உங்கள் கையில் இல்லை. அங்கே எண்டர் பெட்டிதான் வங்கி. 8 ஒப்சிடியனும் ஒரு எண்டர் கண்ணும் வைத்துச் செய்யலாம். உள்ளே 27 இடம். எந்த எண்டர் பெட்டியை யார் திறந்தாலும் அவரவர் சாமான்தான் அவரவருக்குத் தெரியும். உடைத்ததை அப்படியே தரும் சில்க் ரச் மந்திரம் போட்ட பிக்கான் ஒன்றோடு அதைக் கையில் கொண்டு திரியுங்கள். சாதாரண பிக்கானால் உடைத்தால் பெட்டி வராது, 8 ஒப்சிடியன்தான் மிஞ்சும். சுரங்கத்துக்குள் வைரம் கண்டவுடனே பெட்டியை வைத்து, உள்ளே போட்டு, பெட்டியைத் திரும்ப எடுத்துவிட்டால், அடுத்த செக்கனில் செத்தாலும் போவது பிக்கானும் பாணும் வெறும் பெட்டியும்தான்.

செத்தால் எல்லாமே எதிராளிக்குப் போகும் விளையாட்டுகளில் இந்தப் புத்திதான் இன்னும் கறாராக வேண்டும். அல்பியன் ஒன்லைனில் நீல வலயம் பொதுவில் பத்திரம், மஞ்சளில் விழுத்துவார்கள் ஆனால் சாகமாட்டீர்கள், சிவப்பிலும் கறுப்பிலும் உடம்பில் கிடப்பது முழுவதும் போகும். சிவப்புக்குப் போகும்போது, திரும்ப வாங்கக் காசு இருக்கிற உடுப்பைத்தான் போடவேண்டும். அதே செற்றில் நாலைந்து வங்கியில் அடுக்கி வைத்திருந்தால் ஒன்று போனாலும் இரண்டு நிமிடத்தில் திரும்ப வெளிக்கிடலாம். கோபம் வருவது பொருள் போனதால் மட்டுமில்லை, பூச்சியத்திலிருந்து தொடங்கவேண்டி வருவதால்தான்.

அல்பியனில் சாவு கூடுதலாக நடப்பது வலயத்து வாசலில். புது வலயத்துக்குள் வந்தவுடன் உங்களைச் சுற்றி ஒரு குமிழி நிற்கும். நீங்கள் அசையும்வரை, கொஞ்ச நேரத்துக்கு, யாரும் தொட ஏலாது. வந்தவுடனே குதிரையைத் தட்டி ஓட்டுவதுதான் பிழை. அப்படியே நின்று திரையின் நாலு பக்கத்தையும் பாருங்கள். சிவப்பு வலயத்தில் பகையாளி எத்தனை பேர் என்று எண்ணிக்கை காட்டும். எண் ஒன்று, ஆனால் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை என்றால் அவன் வேறெங்கோ. எண் ஐந்து, பற்றைக்குப் பக்கத்தில் இரண்டு குதிரை என்றால் குமிழி இருக்கும்போதே வந்த வழியால் திரும்புங்கள். மூன்று நிமிடம் சுற்றிப் போவது ஒரு மணித்தியால உழைப்பைவிட மலிவு.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் ஆளை ஆள் அடிக்கக்கூடிய பகுதியான வில்டர்னஸின் விதிகள் இன்னும் தெளிவு. தலையில் மண்டையோட்டு அடையாளம் இல்லாவிட்டால் செத்தாலும் விலை கூடிய 3 பொருள் உங்களோடு நிற்கும். செபத் திறனின் 25-ஆம் நிலையில் கிடைக்கும் புரொடெக்ட் ஐற்றம் செபத்தைப் போட்டால் 4. அப்படியென்றால் நாலுக்கு மேல் விலையான பொருள் கொண்டுபோகக் காரணமே இல்லை. யாரையும் முதலில் அடிக்காதீர்கள், அடித்தால் அந்த அடையாளம் விழும், மூன்றும் போகும். வில்டர்னஸ் நிலை 20-க்கு மேலே பெரும்பாலான ரெலிபோர்ட் வேலை செய்யாது. ஆகவே முதலில் 20-க்குக் கீழே இறங்கும் வழியைப் பாடமாக்கிவிட்டுப் பிறகு மேலே போங்கள்.

விண்கப்பல் விளையாட்டான ஈவ் ஒன்லைனில் பாதுகாப்பு அளவு 1.0 முதல் 0.5 வரையான வெளியைப் பத்திரம் என்று நம்பிச் சரக்கை இழந்தவர்கள் ஏராளம். அங்கே கொன்கோர்ட் என்ற பொலிஸ் அடித்தவனைத் தண்டிக்கும். அடியைத் தடுக்காது. அது வந்துசேர எடுக்கும் நேரம் 1.0-இல் குறைவு, 0.5-இல் கூட. அந்த இடைவெளிக்குள் உங்கள் கப்பலை உடைக்க எத்தனை மலிவுக் கப்பல் வேண்டும், அவை அழிந்தால் எவ்வளவு நட்டம், உங்கள் சரக்கில் தப்புவதை அள்ளினால் எவ்வளவு லாபம் என்று பார்ப்பார்கள். உடைந்த கப்பலில் ஒரு பொருள் தப்புவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே உங்கள் சரக்கின் பாதி விலை அவர்களின் நட்டத்தைவிடக் குறைவாக இருக்கவேண்டும். ஒரே ஓட்டத்தில் ஏற்றாமல் மூன்றாகப் பிரியுங்கள். ஓட்டோபைலட்டில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போகாதீர்கள். அது வாசலுக்குச் சில கிலோமீற்றர் முன்னாலேயே கப்பலை இறக்கி, ஊர்ந்து போகவிடும். ஜீட்டா சந்தையிலிருந்து டொடிக்ஸி சந்தைக்குப் போகும் வழியில் உள்ள உவேடாமா 0.5 வெளி. அங்கே காத்திருப்பவர்களுக்கு வேண்டியது அந்த ஊர்கிற நேரம்தான்.

ரஸ்ட் வேறு வகை. அங்கே நீங்கள் நித்திரை கொண்டாலும் உங்கள் உடம்பு உலகத்துக்குள்ளேயே கிடக்கும், வீடும் கிடக்கும். யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் படலை ஒன்று, விறாந்தைக் கதவு ஒன்று இருப்பதுபோல வாசலுக்கு இரண்டு கதவு வையுங்கள். வெளிக்கதவைப் பூட்டிவிட்டு உள்கதவைத் திறக்கவேண்டும். ஒரு கதவு மட்டும் என்றால், நீங்கள் திறக்கும்வரை வெளியில் குந்தியிருப்பவன் அப்படியே உள்ளே நுழைவான். மரக்கதவை முதல் நாளே தகரக்கதவாக்குங்கள். மரக்கதவுக்கு 2 சச்செல் வெடி போதும், தகரக்கதவுக்கு 4 வேண்டும், அல்லது அதைவிடப் பலமான சி4 வெடி ஒன்று.

இதற்கு மேல் ஒரு கணக்கு இருக்கிறது, அதை விட்டுவிட்டால் கதவு வைத்தது எல்லாம் வீண். கல்மதிலை உடைக்க 2 சி4. சாமான் அறைக்குப் போகும் வழியில் நாலு தகரக்கதவு வைத்திருக்கிறீர்கள், அது 4 சி4. ஆனால் அந்த அறையின் பின்மதில் நேரே வெளியைப் பார்த்த ஒற்றைக் கல்மதில் என்றால், வருகிறவன் உங்கள் கதவைத் திரும்பியும் பாரான், பின்னால் போய் இரண்டே சி4-இல் நுழைவான். ஆகவே சாமான் அறை வீட்டின் நடுவில் இருக்கவேண்டும், எந்தப் பக்கத்தால் வந்தாலும் குறைந்தது இரண்டு மதில் தாண்டவேண்டும். அந்த அறையின் மதிலைத் தகரமாக்கினால் அதற்கு மட்டும் 4 சி4. கல்மதிலுக்கு மெத்தென்ற பக்கம் ஒன்று உண்டு, அது உட்பக்கம் வரவேண்டும். திருப்பி வைத்துவிட்டால் வெடியே தேவையில்லை, பிக்கானால் கொத்தியே திறப்பார்கள். கொத்தும் சத்தம் கேட்டு எழும்ப நீங்கள் அங்கே இருக்கப்போவதுமில்லை. கோட் பூட்டுக்கு 1234, 0000, பிறந்த வருசம் போடாதீர்கள்.

போன் விளையாட்டுகளில் ரைஸ் ஒஃப் கிங்டம்ஸ் போன்றவற்றுக்கு ஒரு பந்தி போதும். சமாதானக் காப்பு 8 மணித்தியாலம், 24 மணித்தியாலம், 3 நாள் என்று வரும். இரவு 10 மணிக்கு 8 மணித்தியாலக் காப்பைப் போட்டால் காலை 6 மணிக்குக் கழன்றுவிடும். ஆறரைக்கு எழும்புகிறவருக்கு அந்த அரைமணி போதும் எரிந்து முடிய. 24-ஐப் போடுங்கள். காப்பு நகரத்துக்கு மட்டும்தான், வெளியில் கல்லும் தங்கமும் அள்ளும் படைக்கு இல்லை. முதலில் அவர்களைத் திருப்பிக் கூப்பிடுங்கள். வளப் பொதிகளைப் பையிலேயே வைத்திருங்கள், பையில் கிடப்பதைக் கொள்ளையடிக்க ஏலாது. தேவைப்படும்போது மட்டும் உடையுங்கள். வைத்தியசாலையின் கொள்ளளவையும் படையின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காயப்பட்டவர்கள் அதற்குள் கொள்ளாவிட்டால் மிச்சப் பேர் செத்துப்போவார்கள், அது பல மாத வேலை.

இப்போது நேரம். இலங்கையில் இருக்கும் எங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, கணக்காகப் பாவிக்கவேண்டும். சிங்கப்பூர் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். அங்கே இரவு 8 முதல் 11 வரை சனம் நிறையும் நேரம், இங்கே மாலை ஐந்தரை முதல் எட்டரை. ரியூசன் முடிந்து வந்து குந்தும் அதே நேரம்தான் சிங்கப்பூர் சேர்வரில் கொலைகாரரும் கூடுதலாக நிற்கிறார்கள். விடிய 4 மணிக்கு எழும்பக்கூடியவருக்கு அங்கே ஆறரை, வலயங்கள் வெறுமை. ஜேர்மனி மாரியில் நாலரை மணித்தியாலம், கோடையில் மூன்றரை மணித்தியாலம் பின்னால். இங்கே காலை 6 மணிக்கு அங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது. ஐரோப்பிய சேர்வரில் கல்லு வெட்டுவதற்கு அதைப்போல நேரமில்லை. ஆனால் அதே ஐரோப்பிய சேர்வரில் ரஸ்ட் வீடு கட்டாதீர்கள். நீங்கள் 10 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழும்பும்வரை அவர்களுக்கு மாலையும் முன்னிரவும், வெடியோடு வருகிறவர்கள் வரும் நேரம் அது. வெளியில் திரிந்து அள்ளும் விளையாட்டுக்கு அவர்கள் தூங்கும் சேர்வர் நல்லது. வீட்டைக் காக்கும் விளையாட்டுக்கு உங்களோடு விழித்திருக்கும் சேர்வர் நல்லது.

தூரமும் கணக்கில் வரும். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீற்றர் ஓடும். யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,800 கிலோமீற்றர், போய்வர 28 மில்லிசெக்கன். பிராங்ஃபர்ட் ஏறக்குறைய 7,850, போய்வர 78. கேபிள் நேர்கோட்டில் போகாது, வழியில் கருவிகளும் உண்டு. ஆகவே திரையில் காண்பது இதைவிடக் கூட. எவ்வளவு விலையான கனெக்ஷன் எடுத்தாலும் இதற்குக் கீழே போகாது. ஐரோப்பிய சேர்வரில் அங்கத்து ஆளோடு நேருக்கு நேர் அடிபட்டால் அவன் அடி முதல் பதியும். அது உங்கள் கையின் குறையில்லை. அங்கே சண்டையைத் தவிர்ப்பது இன்னும் அவசியம் என்றுதான் அர்த்தம்.

கரண்ட் போவதற்கும் ஆயத்தம் வேண்டும். ரவுட்டருக்கு மினி யூ.பி.எஸ் வாங்கும்போது ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அம்பியரும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். 12 வோல்ட் ரவுட்டருக்கு 9 வோல்ட் கொடுத்தால் அது சும்மா திரும்பத் திரும்ப ஓன் ஆகிக்கொண்டிருக்கும். ஃபைபர் என்றால் சுவரில் உள்ள பெட்டிக்கும் கரண்ட் வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள். போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறலாமே என்றால், மாறும்போது ஐ.பி முகவரி மாறுவதால் பெரும்பாலும் விளையாட்டு அறுந்து திரும்ப லொகின் கேட்கும். அதற்குள் ரஸ்டில் உங்கள் உடம்பு வெளியில் கிடக்கும். மைன்கிராஃப்டில் அடிபாட்டுக்கு நடுவில் வெளியேறுகிறவரைக் கொல்லும் பிளகின் போட்ட சேர்வர்களும் உண்டு, கரண்ட் போனது என்று அவற்றுக்குத் தெரியாது.

இவ்வளவும் செய்தும் ஒருத்தன் வந்து விழுந்தால்? திரும்பிப் பார்க்கவேண்டாம், எழுதவேண்டாம். "அண்ணை, கல்லுத்தான் வெட்டுறன், விடுங்கோ" என்று தட்ட ஐந்து செக்கன், அந்த ஐந்து செக்கன்தான் உங்களிடம் இருக்கிறது. தெரிந்த ஆட்கள் உள்ள சேர்வரில் முதல் நாளே பேசி வைத்திருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்புண்டு, அடி விழும்போது இல்லை. முதலே பார்த்து வைத்த வழியால் ஓடுங்கள். மைன்கிராஃப்டில் ஓடும்போது பலர் பிடிபடுவது பசியால். பசிப் பட்டை 6 புள்ளிக்கு, அதாவது மூன்று இறைச்சித் துண்டுக்கு இறங்கினால் ஓட ஏலாது, நடக்கத்தான் முடியும். துரத்துகிறவன் வயிறு நிறையத் தின்றுவிட்டுத்தான் வந்திருப்பான். பின்னால் கல்லு வைத்து அடைப்பதை நம்பவேண்டாம், வைரப் பிக்கானுக்கு ஒரு உடைகல் 0.4 செக்கன் வேலை. கண்ணுக்கு மறைந்தவுடன் குனிந்து நடவுங்கள், குனிந்தால் உங்கள் பெயர் சுவரைத் தாண்டித் தெரியாது.

ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து, கெட்ட வார்த்தையும் எழுதினால் அது விளையாட்டுச் சண்டை இல்லை. பிளொக் பண்ணினால் சாட்தான் நிற்கும், அநேக விளையாட்டில் அடி நிற்காது. ஆதாரம் எடுங்கள். விண்டோஸில் கேம் பாரைத் திறந்து பின்னணிப் பதிவை முதலே ஓன் பண்ணி வைத்தால், விண்டோஸ், ஒல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தும்போது நடந்து முடிந்த கடைசி 30 செக்கன் வீடியோவாகச் சேமிக்கப்படும். ரிப்போர்ட்டில் நாள், நேரம், சேர்வர் பெயர், அவன் பெயர் நாலும் வரவேண்டும். நேரத்தை யு.ரி.சியில் எழுதுங்கள், எங்கள் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழித்தால் சரி. மைன்கிராஃப்ட் என்றால் அந்த வீடியோவை வேறு யாருக்கும் அனுப்பமுன், நிற்கும் இடத்தை எண்களில் காட்டும் எஃப்3 திரை அதில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உங்கள் வீடு எங்கே என்பதையும் சேர்த்து அனுப்பியிருப்பீர்கள்.